பபிள் டீ: கோப்பைக்குள் இருப்பது என்ன?

காங்கேயத்திலிருந்து கோவைக்குப் படிக்கவும் வேலைக்கும் சென்றுவரும் நம் பிள்ளைகளுக்கு பபிள் டீ புதிதல்ல. இது ஹலாலா என்ற கேள்வி வீட்டுப் பெரியவர்களுக்கு எழுவது இயல்பு. இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. கோப்பைக்குள் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எங்கிருந்து வந்தது?

பபிள் டீ 1980களில் தைவானில் உருவானது. தைச்சுங் நகரின் சுன் ஷுய் தாங், தைனான் நகரின் ஹான்லின் ஆகிய இரண்டு தேநீர்க் கடைகளும் தாமே இதை முதலில் தயாரித்ததாக உரிமை கோரின. சுமார் பத்தாண்டுகள் நடந்த வழக்கு 2019ல் முடிந்தது. யாரும் காப்புரிமை பெறாத பானத்தை எவரும் தயாரிக்கலாம் என்பதால், முதலில் கண்டுபிடித்தவர் யார் என்று தீர்மானிக்கத் தேவையில்லை என்று நீதிமன்றம் கூறிவிட்டது.

கருப்பு உருண்டைகள்

கோப்பையின் அடியில் கிடக்கும் மெல்லும் உருண்டைகள் மரவள்ளி மாவால் ஆனவை. நாம் குச்சிக்கிழங்கு என்கிறோமே, அதே கிழங்குதான். மாவை வெந்நீரும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, வேகவைக்கிறார்கள். பெருநாள் பாயசத்தில் நாம் போடும் ஜவ்வரிசியும் இதே மாவில்தான் தயாராகிறது. சேலம், நாமக்கல் வட்டாரம் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. ஆலைகளுக்காக சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு 1981ல் சேலத்தில் தொடங்கப்பட்டது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆக, தாவரப் பொருளான இந்த உருண்டையில் அடிப்படையில் தடை ஏதுமில்லை.

கவனிக்க வேண்டியவை

கடித்தால் வெடித்துச் சாறு வரும் உருண்டைகளின் மேல்தோல் பெரும்பாலும் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் ஆல்ஜினேட்டால் ஆனது. ஆனால் கூடுதலாகச் சேர்க்கப்படும் ஜெல்லி, புட்டிங் வகைகளில் ஜெலட்டின் இருக்கலாம். அது பன்றியிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் ஹராம். மாட்டிலிருந்து என்றால் அந்த மாடு முறைப்படி அறுக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். மீனிலிருந்து என்றால் சிக்கல் இல்லை. அகர் அகர் கடற்பாசியிலிருந்து வருவது, எனவே ஆகுமானது.

கடையில் கோப்பை மட்டுமே நம் கைக்கு வருகிறது, பொருட்கள் வந்த பாக்கெட் வருவதில்லை. எனவே பாக்கெட்டைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். சைவப் பொருளுக்குப் பச்சைப் புள்ளி இருக்கும். ஜெலட்டின் சேர்ந்த பொருளில் அசைவக் குறியீடு இருக்க வேண்டும். ஆனால் அந்தக் குறியீடு எந்த விலங்கு என்பதைச் சொல்லாது. அதற்கு ஹலால் சான்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விவரம் கிடைக்காவிட்டால் ஜெல்லி, புட்டிங் இல்லாமல் வாங்கிக்கொள்ளலாம்.

உடல்நலம்

ஹலால் என்பதாலேயே அளவின்றிக் குடிக்கலாம் என்று ஆகாது. இதில் சர்க்கரை அதிகம், நீரிழிவு உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. உருண்டைகள் அகன்ற உறிஞ்சுகுழல் வழியாக வேகமாக வருவதால் சிறு குழந்தைகளுக்கு மூச்சுக்குழாயில் சிக்கும் ஆபத்தும் உண்டு. ஜெர்மனியின் அரசு இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2012லேயே இதைப் பற்றி எச்சரித்தது. சிறு குழந்தைகளுக்கு உருண்டை இல்லாத பானமே பாதுகாப்பானது.