டொமைன் பெயர் சொத்தான வரலாறு: சிஃபி வழக்கும் மலைநாட்டு ஊர்ப்பெயர்களும்

வண்டிப்பெரியாரைச் சுற்றியுள்ள ஏலத்தோட்டக்காரர்களுக்கு விலை என்பது கண்ணால் பார்த்து முடிவாகும் காரியம். புற்றடியிலும் போடியிலும் நடக்கும் மின்னணு ஏலத்தில் காயின் நிறமும் பருமனும் பார்த்துத்தான் வியாபாரி விலை கேட்கிறார். இணைய முகவரியாகும் டொமைன் பெயரில் அப்படிப் பார்க்க ஒன்றுமில்லை. சிறு கட்டணம் கட்டிப் பதிந்த ஒரு சொல், இன்னொருவருக்கு அது வேண்டியிருக்கும் நாளில்தான் விலை பெறுகிறது. அந்த விலையை இந்தியச் சட்டம் எந்த அளவுக்குச் சொத்தாக ஏற்றது என்பதே இங்கு ஆராயப்படுவது.

முதல் டாட் காம் பெயர் 1985 மார்ச்சில் பதிவானது. பத்தாண்டுகள் பதிவுக்குக் கட்டணமே இல்லை. 1995 செப்டம்பரில்தான் ஆண்டுக்கு 50 டாலர் வந்தது. 1997இல் 1,50,000 டாலருக்குக் கைமாறிய 'பிசினஸ் டாட் காம்' 1999இல் 75 லட்சம் டாலருக்குப் போனது. பெயர்களை வாங்கிச் சேர்ப்பது ஒரு முதலீட்டு முறையாகவே ஆகிவிட்டது.

அதே 1999இல் சென்னையின் சத்யம் இன்ஃபோவே, ராஜேஷ் ஜெயின் 1995இல் தொடங்கிய இந்தியாவேர்ல்டை 499 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. சமாச்சார், கோஜ், கேல், பாவர்ச்சி எனச் சாதாரண இந்திச் சொற்களே அதன் தளங்களின் பெயர்கள். அந்த விலை வெறும் பெயர்களுக்கானது அல்ல. வெளிநாட்டு இந்தியர்கள் உள்ளிட்ட வாசகர் கூட்டத்துக்கும் சேர்த்துத்தான் என்பது என் கருத்து. ஆனால் எவரும் எளிதில் நினைவில் வைக்கும் சொல்லை முதலில் பிடித்தவருக்கு அந்தக் கூட்டம் சேர்வதும் எளிது.

சட்டத்தில் திருப்பத்தைக் கொண்டுவந்ததும் இதே நிறுவனம்தான். 'சத்யம் இன்ஃபோவே' என்பதன் எழுத்துகளைக் கோத்து 'சிஃபி' என்ற சொல்லை உருவாக்கிய அது, 1999 ஜூனில் சிஃபிநெட் உள்ளிட்ட பெயர்களைப் பதிந்தது. 2001இல் இன்னொரு நிறுவனம், ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மட்டுமே கூடுதலாக உள்ள பெயரில் தளம் தொடங்கியது. தன் பங்குதாரர் ஐவரின் முதலெழுத்துகளே அப்பெயர் என்று அது வாதிட்டது. பெங்களூரு உரிமையியல் நீதிமன்றம் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. 2004 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் தடையை மீண்டும் உறுதி செய்தது. டொமைன் தகராறுக்கென்று தனிச் சட்டம் நாட்டில் இல்லாததால், பிறர் நற்பெயரைத் தனதாகக் காட்டி வணிகம் செய்வதைத் தடுக்கும் பழைய கோட்பாட்டையே நீதிபதி ரூமா பால் அமர்வு கையாண்டது. டொமைன் பெயருக்கு வணிகக்குறியின் தன்மைகள் எல்லாமே இருக்கக்கூடும் என்றது. இதற்கு முன்பே 1999இல் 'யாகூஇந்தியா' வழக்கில் டில்லி உயர் நீதிமன்றம் இதே திசையில் சென்றிருந்தது.

2005இல் டாட் இன் பெயர்கள் பொதுப்பதிவுக்குத் திறக்கப்பட்டபோது அதற்கான தகராறுத் தீர்வு விதிகளும் வந்தன. பதிந்தவருக்கு நியாயமான உரிமை உண்டா, தீய நோக்கம் உண்டா என்று அவை கேட்கின்றன. பிறருடைய நற்பெயரைப் பதிந்து விற்கக் காத்திருப்பவருக்கு இதில் இடமில்லை. பொதுச்சொல்லில் முதலீடு செய்தவர் தப்பித்துக்கொள்ளலாம். நியாயமான கோடு இது.

ஊர்ப்பெயர்கள் இந்தக் கோட்டின் மேலேயே நிற்கின்றன. ஒரு பொருள் விளையும் இடத்தை மட்டும் குறிக்கும் சொல்லை வணிகக்குறியாகப் பதிவதை 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின் 9ஆம் பிரிவு பொதுவாக மறுக்கிறது. ஆகவே வண்டிப்பெரியார், தேக்கடி, பீர்மேடு என்ற பெயர்களைப் பிறர் முந்திப் பதிந்தால், தோட்டக்காரரோ தங்கும் விடுதிக்காரரோ அவற்றைச் சட்டத்தின் வழியே மீட்பது கடினம்.

எழுத்து மாறினாலும் இதே முந்துரிமைதான். 2011இல் இணையத்தில் இடம்பெற்ற ஏழு இந்திய எழுத்து முகவரி ஈறுகளில் தமிழின் 'இந்தியா'வும் ஒன்று. மலையாளத்தின் 'பாரதம்' அதற்குப் பின்னரே வந்தது. இரு மொழியும் புழங்கும் இந்த மலையில், கடைப்பலகையில் உள்ள தமிழ்ப்பெயரை அப்படியே முகவரியாக்க இதனால் வழி பிறந்தது. ஆனால் தமிழ் எழுத்திலான மின்னஞ்சல் முகவரியைப் பல படிவங்கள் இன்னும் ஏற்பதில்லை. வாங்குவோர் தயங்க அதுவே போதும்.

இன்னொன்று, நீதிமன்றம் சொத்தின் தன்மையைக் கண்ட இந்தப் பெயர்கள் உண்மையில் குத்தகையே. டாட் காமை ஒரே தடவையில் பத்து ஆண்டுக்கு மேல் பதிய முடியாது. தவணை தவறினால் சில வாரச் சலுகை, பிறகு கூடுதல் கட்டணத்தில் மீட்க 30 நாள், அதன்பின் ஐந்து நாளில் நீக்கம். தளத்தை வடிவமைத்தவரின் கணக்கில் பெயர் இருந்தால், புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பும் அவருக்கே போகும்.