தாய் குடிக்கு அடிமையானால் திருமணமாகாத தந்தைக்குப் பிள்ளை கிடைக்குமா?

இந்தத் தலைப்பைப் பார்த்ததும் "இது நமது சமூகத்துக்குரிய பிரச்சினையா?" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். நிக்காஹ் இன்றிப் பிறந்த பிள்ளைகள் நம்மிடையே இல்லை, மது அருந்தும் தாய்மாரும் இல்லை என்று சொல்லிக்கொள்வது இலகு. ஆனால் பல வருடங்களாக வகுப்பறையில் நிற்கும் ஓர் ஆசிரியரால் அப்படிச் சொல்ல முடியாது. வேற்று மதத்தவரோடு நிக்காஹ்வோ பதிவோ இன்றி வாழ்ந்து பிரிந்தவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் தொழில் புரிந்த காலத்து உறவில் பிள்ளை பெற்றுத் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் நமது பாடசாலைகளுக்கே வருகிறார்கள்.

நான் கற்பித்த நான்காம் தர மாணவன் ஒருவன் திங்கட்கிழமைகளில் அநேகமாக வர மாட்டான். வந்தாலும் பசியோடு வருவான். வார இறுதியில் தாய் போதையில் கிடப்பதும், அவன் பக்கத்து வீட்டில் உறங்குவதும் பிறகுதான் தெரியவந்தது. அவனுடைய தந்தை ஒருநாள் பாடசாலை வாயிலில் வந்து நின்றார். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் அவருடைய பெயர் இல்லை என்பதால் மாணவனை அவரோடு அனுப்ப முடியாது என்று அதிபர் சொல்லிவிட்டார். "சேர், பேர் இல்லாட்டி நான் வாப்பா இல்லையா?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

நான் ஆசிரியரே தவிர சட்டத்தரணி அல்ல. எனினும் அந்தக் கேள்விக்குப் பதில் தேடிச் சட்டங்களைப் படித்தபோதும், தெரிந்தவர்களிடம் விசாரித்தபோதும் விளங்கிக்கொண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகின்றேன்.

யார் இந்தத் "திருமணமாகாத தந்தை"?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நிக்காஹ் நடந்து, பதிவு மட்டும் செய்யப்படாமல் விட்டவர்கள் தங்களையும் இந்த வகையில் சேர்த்துக்கொண்டு பயப்படுகிறார்கள். 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் 16 ஆம் பிரிவின்படி, பதிவு செய்யப்படவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு விவாகம் செல்லுபடியற்றதாகிவிடாது. முறையான நிக்காஹ் நடந்ததை வலி, சாட்சிகள், நிக்காஹ்வை நடத்தியவர் ஆகியோர் மூலம் நிரூபிக்க முடியுமானால் அவர் திருமணமான தந்தையே.

இரண்டாவது வகையினர், நிக்காஹ்வும் இல்லாமல் பொதுச் சட்டத்தின் கீழ் விவாகப் பதிவும் இல்லாமல் பிள்ளை பெற்றவர்கள். இக்கட்டுரை பிரதானமாக இவர்களைப் பற்றியது.

மூன்றாவது வகை இன்னும் சிக்கலானது. பிள்ளை பிறக்கும்போது தாய் சட்டப்படி வேறொருவரின் மனைவியாக இருந்திருந்தால், சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 112 ஆம் பிரிவு குறுக்கே வரும். விவாகம் நிலவும்போதோ, அது முடிவடைந்து 280 நாட்களுக்குள் தாய் மறுமணம் செய்யாத நிலையிலோ பிறக்கும் பிள்ளை அந்தக் கணவனின் பிள்ளை என்றே சட்டம் கொள்ளும். இப்படியான நிலையில் உள்ள ஒருவர் சட்டத்தரணியின் ஆலோசனையின்றி ஓரடியும் வைக்கக் கூடாது.

நாட்டின் பொதுச் சட்டம்

இலங்கையின் பொதுச் சட்டமான உரோமன்-டச்சுச் சட்டத்தில், திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையின் பாதுகாவலும் கட்டுக்காப்பும் தாய்க்கே உரியவை. தந்தைக்குத் தானாக வரும் உரிமை எதுவும் இல்லை. ஆனால் செலவுக்குக் கொடுக்கும் கடமை அவருக்கு உண்டு. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம், திருமணத்தில் பிறந்த பிள்ளை, வெளியே பிறந்த பிள்ளை என இரு வகையினருக்கும் தாபரிப்புப் பெறும் உரிமையை வழங்குகின்றது. கடமை இருக்கிறது, உரிமை இல்லை என்ற இந்த நிலை பல தந்தையருக்குப் பெரும் மனத்தாக்கத்தைத் தருகின்றது.

பிறப்புச் சான்றிதழிலும் இதே நிலைதான். பெற்றோர் திருமணமாகாதவர்களாயின், தாயும் தந்தையும் கூட்டாகக் கேட்டு இருவரும் பதிவேட்டில் ஒப்பமிட்டாலே தந்தையின் பெயர் பதியப்படும். தந்தை தனியாகப் போய்ப் பதிய முடியாது. பெயர் பதியப்பட்டாலும் அது அவர்தான் தந்தை என்பதற்கான சான்றே ஒழிய, பிள்ளையை வைத்திருப்பதற்கான அனுமதி அல்ல. ஆயினும் அந்தச் சான்றின் பெறுமதி பெரியது. உறவு சுமுகமாக இருக்கும் காலத்திலேயே அதைச் செய்துகொள்வது நல்லது.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க, குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தின் 5 ஆம் பிரிவு, பிள்ளைகள் தொடர்பான எல்லா விடயங்களிலும் நீதிமன்றங்கள் உட்பட அனைவரும் பிள்ளையின் நலனுக்கே முதன்மை அளிக்க வேண்டும் என்கின்றது. புறக்கணிப்பிலிருந்தும் துஷ்பிரயோகத்திலிருந்தும் பாதுகாக்கப்படும் உரிமையையும் அது பிள்ளைக்கு வழங்குகின்றது. பெற்றோர் மணமுடித்தவர்களா இல்லையா என்று அது பிள்ளைகளைப் பிரிக்கவில்லை.

திருமணமாகாத தந்தை விளங்கிக்கொள்ள வேண்டிய மிக முக்கியமான விடயம் இதுதான். "என் உரிமையைத் தாருங்கள்" என்று போனால் அவருடைய கை பலவீனமானது. "இந்தப் பிள்ளை ஆபத்தில் இருக்கிறது, நான் பொறுப்பெடுக்கத் தயார்" என்று சான்றுகளோடு போனால் நீதிமன்றம் கேட்டே ஆக வேண்டும்.

ஷரீஆவின் நிலைப்பாடு

பெரும்பான்மையான இமாம்களின் கருத்தில், நிக்காஹ்வுக்கு வெளியே பிறந்த பிள்ளையின் நஸப் தாயைச் சேரும். தந்தையோடு வம்ச உறவு ஏற்படாது. தாய் வேறொருவரின் மனைவியாக இல்லாதபோது தந்தை பிள்ளையை ஏற்றுக்கொண்டால் நஸப் சேரும் என்ற கருத்தை இப்னு தைமிய்யா போன்ற சிலர் கொண்டிருந்தனர். நம் நாட்டில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் முதலாவது கருத்தையே கொண்டுள்ளது. ஆகவே தந்தையின் உரிமை விடயத்தில் ஷரீஆவும் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன.

ஆனால் ஹழானத் எனும் பிள்ளைப் பராமரிப்பு, தாய்க்கும் நிபந்தனையோடுதான் வழங்கப்பட்டுள்ளது. பராமரிப்பவர் புத்தி சுவாதீனமும் நம்பகத்தன்மையும் உடையவராக இருக்க வேண்டும். தொடர்ந்து போதையில் இருப்பவரிடம் இந்த இரண்டும் நிற்பதில்லை. அவ்வாறு தாய் தகுதியிழந்தால் பொறுப்பு அடுத்ததாகத் தந்தைக்குப் போகும் என்று பலர் நினைக்கின்றனர். ஷாபிஈ மத்ஹபின் வரிசையில் தாய்க்கு அடுத்தவர் தாயின் தாய்.

இதில் நடைமுறைக்கு உதவும் பாடம் ஒன்று உண்டு. பிள்ளையின் உம்மும்மாவை எதிரியாக்கிக்கொண்டு வழக்குக்குப் போகும் தந்தை தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்கிறார். மகளின் குடிப்பழக்கத்தால் அதிகம் வேதனைப்படுபவர் அநேகமாக அந்த மூதாட்டிதான். பிள்ளை அவருடைய வீட்டில் வளர, தந்தை செலவைக் கொடுத்து ஒழுங்காக வந்து பார்ப்பது என்ற ஏற்பாடு பல சந்தர்ப்பங்களில் வழக்கைவிடச் சிறந்தது.

குடிக்கிறார் என்று சொன்னால் போதுமா?

போதாது. ஒழுக்கம் பற்றிய குற்றச்சாட்டை மட்டும் வைத்து நீதிமன்றம் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்துவிடாது. அந்தக் குடி பிள்ளையை எவ்வாறு பாதிக்கின்றது என்பதே கேள்வி. இரவில் பிள்ளை தனியே விடப்படுகிறதா? சமைத்த உணவு கிடைக்கிறதா? அடி விழுகிறதா? வீட்டுக்கு அந்நியர் வந்து போகிறார்களா? பாடசாலை வரவு குறைந்துள்ளதா?

இவற்றுக்கான சான்றுகள் ஏற்கனவே அரச பதிவேடுகளில் இருக்கின்றன. பாடசாலை வரவுப் பதிவேடு, கிளினிக் அட்டை, வைத்தியசாலைப் பதிவுகள், பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், குடும்ப நல உத்தியோகத்தரும் கிராம உத்தியோகத்தரும் நேரில் அறிந்தவை ஆகியன அவற்றுள் சில. தந்தை திகதி வாரியாக ஒரு கொப்பியில் குறித்து வரட்டும். தான் அனுப்பிய பணத்துக்கான வங்கிப் பற்றுச்சீட்டுகளையும் பத்திரப்படுத்தட்டும். தாய் போதையில் கிடப்பதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து உறவினர் குழுக்களில் பரப்புவது சான்று சேர்ப்பது ஆகாது. அது பிள்ளையின் மானத்தையும் சேர்த்தே வாங்கும்.

எங்கே போக வேண்டும்?

பலர் முதலில் போவது காதி நீதிமன்றத்துக்கு. பிள்ளையின் கட்டுக்காப்பைத் தீர்மானிக்கும் அதிகாரம் காதிக்கு இல்லை. பெற்றோர் இருவரும் முஸ்லிம்களாயின் தாபரிப்புக் கோரிக்கை காதியிடம் போகும். அவ்வாறு இல்லாவிடின் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். கட்டுக்காப்பு வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியது. பிள்ளை மறைத்து வைக்கப்பட்டுள்ளபோது மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ மாகாண மேல் நீதிமன்றத்திலோ ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யப்படுவதும் உண்டு.

பிள்ளை உடனடி ஆபத்தில் இருந்தால் வழக்குத் தவணைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எவரும் அழைக்கலாம், பெயர் பிறப்புச் சான்றிதழில் இல்லாத தந்தையும் அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும், மாகாண நன்னடத்தைத் திணைக்களத்தில் நன்னடத்தை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். 1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க, சிறுவர் மற்றும் இளைஞர் கட்டளைச் சட்டத்தின் கீழ், பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையைப் பொருத்தமான ஒருவரின் பராமரிப்பில் ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அந்தப் பொருத்தமானவர் உறவினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. திருமணமாகாத தந்தைக்கு இது கவனிக்கத்தக்க வழி. இங்கே நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை பெரிதும் கவனிக்கப்படும் என்பதால், தந்தையின் வீடு, வருமானம், பிள்ளையைப் பகலில் யார் பார்ப்பது என்பவை தயாராக இருக்க வேண்டும்.

வசதியற்றவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். தாயின் சிகிச்சை பற்றி 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தில் கேட்டறியலாம்.

செய்யக் கூடாதவை

பாடசாலை வாயிலிலோ மத்ரஸா விடும் நேரத்திலோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. கடத்தல் முறைப்பாடு வரும். அதன் பின்னர் எந்த நீதிபதியின் முன் நின்றாலும் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

கோபத்தில் தாபரிப்பை நிறுத்தக் கூடாது. "அவள் அதையும் குடித்துவிடுவாள்" என்ற பயம் நியாயமானதே. அப்படியானால் பாடசாலைச் செலவையும் கடைச் சாமான்களையும் நேரடியாகக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வைத்துக்கொள்ளலாம். நீதிமன்றக் கட்டளை ஏற்கனவே இருந்தால் மட்டும் அதன்படியே செலுத்த வேண்டும்.

தாயைப் பற்றிப் பிள்ளையிடம் இழிவாகப் பேசக் கூடாது. குடி ஒரு பாவம், அதேவேளை சிகிச்சை தேவைப்படும் நோயும்கூட. அந்தத் தாய் நாளை குணமடையலாம். அன்று பிள்ளைக்கு அவரும் வேண்டும். அதனால்தான் நீதிமன்றங்கள் கட்டுக்காப்பை ஒருவருக்கு வழங்கினாலும் மற்றவர் பிள்ளையைப் பார்க்க வழி வைக்கின்றன. பிள்ளை தந்தையிடம் வந்தால் அவரும் அந்தக் கதவை மூடக் கூடாது.

பாடசாலையும் பள்ளிவாசலும்

அதிபர் அன்று பிள்ளையை அனுப்பாதது சரியே. பதிவேட்டில் உள்ள பாதுகாவலரிடமோ நீதிமன்றக் கட்டளை உள்ளவரிடமோ மட்டுமே பிள்ளையை ஒப்படைக்க முடியும். ஆனால் பாடசாலையின் பொறுப்பு அத்தோடு முடிவதில்லை. பிள்ளை வராத நாட்களையும் வந்த கோலத்தையும் வகுப்பாசிரியர் குறித்து வைக்க வேண்டும். அதிபர் மூலமாகச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு அறிவிக்க வேண்டும். நீதிமன்றம் அழைத்தால் உள்ளதைச் சொல்ல வேண்டும். தாய் பக்கமோ தந்தை பக்கமோ சாய்வது ஆசிரியரின் வேலை அல்ல.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் ஒரு வேண்டுகோள். இப்படியான தந்தை ஒருவர் வந்தால், செய்த பாவத்தைப் பற்றி விசாரிப்பதோடு அவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். தவ்பா அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலானது. பிள்ளை இன்று இரவு எங்கே உறங்குகிறது என்பது நம் எல்லோரோடும் சம்பந்தப்பட்டது. ஊரில் ஒரு சட்டத்தரணியின் பெயரையும் பிரதேச செயலகத்தில் உரிய உத்தியோகத்தரின் இலக்கத்தையும் எழுதிக் கையில் கொடுக்கும் நிர்வாகம், நீண்ட உபதேசம் செய்யும் நிர்வாகத்தைவிட அந்தப் பிள்ளைக்கு அதிகம் உதவுகின்றது.

பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற கேள்விக்கான விடையைப் பிள்ளை எழுதவில்லை. அதற்கான விலையையும் பிள்ளை கொடுக்கக் கூடாது.