மாற்று நுரையீரல் படிமச் சோதனை

பொருத்தப்பட்ட நுரையீரலில் ஏற்படும் காயத்தையும் அழற்சியையும், உடலைக் கீறாமலும் திசுவை வெட்டாமலும் கண்டறியும் முறை. மூச்சுக்குழாய் வழியே கருவி செலுத்தித் திசு எடுத்துப் பார்ப்பது நெடுநாள் வழக்கம். அதில் இரத்தக்கசிவு அபாயம் உண்டு; கிள்ளியெடுத்த துணுக்கு நோயுள்ள இடத்தைத் தவறவிடவும் கூடும்.

அறுவைக்குப் பிந்தைய 72 மணி நேரத்தில் எளிய மார்பு எக்ஸ்-ரேயே முதல் சாட்சி. புது நுரையீரலில் வெண்படலம் பரவி, தமனி ஆக்சிஜன் அழுத்தத்துக்கும் சுவாசிக்கும் ஆக்சிஜன் பங்குக்கும் உள்ள விகிதம் 200க்குக் கீழே போனால், அது கடுமையான முதல்நிலைச் செயலிழப்பு. சிக்கல் என்னவென்றால் நீர்க்கோப்பு, தொற்று, நிராகரிப்பு மூன்றும் படத்தில் ஏறத்தாழ ஒரே வெண்மைதான்.

நாட்பட்ட நிராகரிப்பில் சிறு மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைபடுகின்றன. எனவே சி.டி. ஸ்கேனை மூச்சை இழுத்துப் பிடித்து ஒருமுறை, வெளியே விட்டு ஒருமுறை எடுப்பார்கள். விட்ட பிறகும் கறுப்பாகவே நிற்கும் திட்டுகள், காற்று வெளியேற வழியின்றிச் சிக்கிய இடங்கள்.

பெட் ஸ்கேனில், அழற்சியால் திரண்ட நியூட்ரோபில் அணுக்கள் கதிரியக்கக் குளுக்கோஸை விழுங்கி ஒளிர்கின்றன. தொற்றா, நிராகரிப்பா என்பதை மட்டும் அதுவும் பிரித்துச் சொல்வதில்லை. செனான்-129 வாயுவைச் சுவாசித்து எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சே கிடையாது. நுரையீரல் காற்றோட்டத்தைப் பார்க்க அமெரிக்க எஃப்.டி.ஏ. 2022 டிசம்பரில் இதற்கு அனுமதி அளித்தது.