இருளும் இல்லமும்: பள்ளிப்பட்டு வட்டாரத்தை முன்வைத்துப் படவீழ்த்தி – தொலைக்காட்சித் தேர்வின் சமூக வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

வீட்டில் படம் பார்ப்பதற்குப் பெரிய தொலைக்காட்சியா, புரொஜெக்டர் என வழங்கும் படவீழ்த்தியா என்னும் வினா இன்று விலையும் திரையளவும் சார்ந்த நுகர்வோர் வினாவாகவே பேசப்படுகிறது. ஆனால் இவ்விரு கருவிகளும் தமிழ்நாட்டில் வெவ்வேறு சட்டங்களாலும் இடங்களாலும் உழைப்பு முறைகளாலும் வடிவம் பெற்றவை. திருவள்ளூர் மாவட்டத்தின் பள்ளிப்பட்டு நெசவுப் பகுதியையும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பகுதியையும் முன்வைத்து, இத்தேர்வைத் தீர்மானித்ததில் திரையின் அளவைவிட இருளுக்கும் ஓய்வுக்கும் பெரும்பங்கு உண்டு என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: படவீழ்த்தி, தொலைக்காட்சி, டூரிங் டாக்கீஸ், நெசவு, ஓய்வுநேரம், பள்ளிப்பட்டு

முன்னுரை

பள்ளிப்பட்டு, தமிழும் தெலுங்கும் வழங்கும் எல்லைப்பகுதி. சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, படாஸ்கர் பரிந்துரையின் அடிப்படையில் இயற்றப்பட்ட எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியோடு சென்னை மாநிலத்தில் இணைந்தது. முதலில் செங்கற்பட்டு மாவட்டத்திலும், 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்திலும் அடங்கியது. பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்க்குப்பம் ஆகிய ஊர்களில் நெசவு முதன்மைத் தொழில்களுள் ஒன்று. அதே மாவட்டத்தின் கிழக்கில், கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை இயங்குகிறது. வீடே பணியிடமாகும் நெசவும், இரவு பகலாக முறைமாற்றி நடக்கும் ஆலைவேலையும் காட்சிக் கருவியின் தேர்வை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை ஆராய இம்மாவட்டம் பொருத்தமான களமாகும்.

உரிமம் வேண்டிய ஒளி

படவீழ்த்தி தமிழகத்தில் ஊர் சுற்றும் கருவியாகவே பரவத் தொடங்கியது. திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டுபான்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு படவீழ்த்தியை வாங்கி, கூடாரமிட்டுப் பல ஊர்களில் படம் காட்டினார். பின்னர் டூரிங் டாக்கீஸ் எனப் பெயர்பெற்ற கொட்டகைகள் இம்மரபின் தொடர்ச்சியே. கூடாரத் துணி பகல் ஒளியைத் தடுக்காது. ஆகவே காட்சி பொழுது சாய்ந்த பின்னரே தொடங்கும். ஊர் தன் வேலையை முடித்துவிட்டு வரவேண்டியிருந்தது.

இக்கருவியைச் சட்டம் தொடக்கத்திலேயே சூழ்ந்துகொண்டது. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆனது. 1918ஆம் ஆண்டு ஒளிப்படக்காட்சிச் சட்டம், உரிமம் பெற்ற இடத்தில் மட்டுமே படம் காட்டலாம் என்று வரையறுத்தது. 1955ஆம் ஆண்டுச் சென்னைத் திரையரங்குகள் ஒழுங்குமுறைச் சட்டமும் அதன்வழி வந்த விதிகளும் நிலையான அரங்கு, டூரிங் அரங்கு முதலிய பிரிவுகளை வகுத்து, இருக்கை, வழி, தீத்தடுப்பு ஆகியவற்றை நெறிப்படுத்தின. இதனால் படவீழ்த்தி என்பது தொடக்கமுதலே பொது இடத்துக்குரிய, அரசின் கண்காணிப்புக்கு உட்பட்ட கருவி என்னும் அடையாளத்தைப் பெற்றது.

தொலைக்காட்சியின் பாதை வேறு. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1980களின் நடுப்பகுதி வரை பெட்டி வைத்திருப்போர் உரிமக் கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது என்றாலும், அது கருவிக்கான உரிமமே. பார்க்கும் இடத்துக்கு நிபந்தனை இல்லை. ஒளிநாடாக் கருவி வந்து தொலைக்காட்சித் திரையிலும் திரைப்படம் காட்ட முடிந்தபோது இவ்வேறுபாடு குலைந்தது. அப்போது அத்தகைய காட்சிகளையும் ஒழுங்குபடுத்த 1984இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் இயற்றியது. திரை சிறிதாயினும் கூட்டம் கூடினால் அது அரங்கே என்னும் பார்வை இச்சட்டத்தின் பின்னணியில் இருப்பதாகக் கொள்ளலாம்.

பொது அறையிலிருந்து வீட்டு அறைக்கு

இந்தியத் தொலைக்காட்சி முதலில் கூடிப் பார்ப்பதற்கே திட்டமிடப்பட்டது. 1959இல் தில்லியில் நடந்த தொடக்க ஒளிபரப்பு, யுனெஸ்கோ உதவியுடன் பொதுப் பார்வை மன்றங்களை நோக்கியது. 1975–76இல் செயற்கைக்கோள்வழி நடந்த கல்வித் தொலைக்காட்சிச் சோதனை ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில் ஊர்ப்பொதுப் பெட்டிகளை நிறுவியது. அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை. எனினும் பின்னாளில் தமிழகச் சிற்றூர்களிலும் ஊராட்சித் தொலைக்காட்சி அறைகள் எழுந்தன. கொட்டகையின் கூடுகைப் பண்பைத் தொலைக்காட்சி சிறிதுகாலம் தாங்கியிருந்ததற்கு அவ்வறைகள் சான்று.

வீட்டை நோக்கிய திருப்பத்தைச் சந்தையோடு அரசும் சேர்ந்து நிகழ்த்தியது. 2006 தேர்தலில் தி.மு.க. அளித்த வாக்குறுதியின்படி, அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. வழங்கப்பட்டவை 14 அங்குலப் பெட்டிகள். இல்லத்தரசிகளின், குறிப்பாகச் சிற்றூர்ப் பெண்களின், பொழுதுபோக்கும் பொது அறிவும் திட்டத்தின் நோக்கமாகக் கூறப்பட்டன. இத்தகைய வாக்குறுதிகளை எதிர்த்துத் தொடரப்பட்ட சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில், தேர்தல் அறிக்கை வாக்குறுதி முறைகேடான செயலாகாது என்று உச்சநீதிமன்றம் 2013 ஜூலை 5 அன்று தீர்ப்பளித்தது. 2011 முதல் அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வழங்கியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு வீடுகளில் 87 விழுக்காட்டில் தொலைக்காட்சி இருந்தது. இந்திய அளவில் இது 47 விழுக்காடு.

எல்லைப்பகுதியில் இம்மாற்றத்துக்கு மொழி சார்ந்த ஒரு கூறும் உண்டு. கொட்டகையில் ஒரு காட்சியில் ஓடியது ஒரு மொழிப் படமே. ஊர் முழுதும் அதையே பார்த்தது. 1993இல் சன், 1995இல் ஜெமினி, ஈநாடு எனத் தனியார் அலைவரிசைகள் தமிழிலும் தெலுங்கிலும் பெருகியபின், ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு மொழித் தேர்வு இயன்றது. கூடுகை குறைந்தது, தெரிவு கூடியது.

திரையளவும் இருளும்

அளவை மட்டும் கொண்டால் படவீழ்த்தியே மேலானது. 14 அங்குலப் பெட்டியின் பரப்பு ஏறத்தாழ 94 சதுர அங்குலம். இன்றைய 55 அங்குலத் தொலைக்காட்சி அதைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு. 100 அங்குலமாக வீழ்த்தப்படும் படமோ அந்த 55 அங்குலத்தைப்போல் 3.3 மடங்கு.

ஆயினும் படவீழ்த்தியால் கருமையை வீழ்த்த இயலாது. படத்தின் கருநிறம் என்பது ஒளி விழாத சுவரின் நிறமே. 2,000 லூமென் ஒளி தரும் கருவியின் ஒளியை 100 அங்குலப் பரப்பில் விரித்தால், சுவரில் ஏறத்தாழ 725 லக்ஸ் கிடைக்கும். பகலில் அச்சுவரின்மீது வெளியொளி 200 லக்ஸ் விழுமானால், வெண்மைக்கும் கருமைக்கும் இடையிலான விகிதம் ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும், படம் வெளிறும். தன்னொளி கொண்ட தொலைக்காட்சிக்கு இச்சிக்கல் மிகக் குறைவு.

இடமும் ஒரு தடை. சாதாரணப் படவீழ்த்திக்குப் படத்தின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு தொலைவு தேவை என்று கொண்டால், 100 அங்குலப் படத்துக்கு மறைப்பின்றி 11 அடி வேண்டும். 2011இல் அறிவிக்கப்பட்ட பசுமை வீட்டின் மொத்தப் பரப்பே 300 சதுர அடி. அதற்குள் கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை அனைத்தும் அடங்கவேண்டும்.

விலை வேறுபாட்டுக்கு வரி காரணமன்று. சுங்க வகைப்பாட்டில் படவீழ்த்தியும் தொலைக்காட்சியும் 8528 என்னும் ஒரே தலைப்பில் அடங்குகின்றன. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிக்கும் படவீழ்த்திக்கும் 28 விழுக்காடாக இருந்த சரக்கு–சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடானது. சட்டமும் வரியும் விலகிய பின்னும் இருள் என்னும் நிபந்தனை விலகவில்லை.

ஓய்வு யாருக்கு?

இருள் இயற்பியல் நிபந்தனை மட்டுமன்று, உழைப்போடும் தொடர்புடையது. நெசவாளர் வீட்டில் தறி இருக்கும் இடத்தில் ஒளி வேண்டும். அறுந்த இழையைக் கண்டு முடிய வேண்டும். ஆண் தறியில் இருக்க, பெண் நூல் சுற்றிக்கொண்டோ சமைத்துக்கொண்டோ இருக்கும் கூடத்தில் விளக்கை அணைப்பது வேலையை நிறுத்துவதாகும். கும்மிடிப்பூண்டியில் இரவுமுறை முடித்துத் திரும்பும் தொழிலாளிக்குக் கிடைக்கும் ஓய்வு பகலில் அமைகிறது. இருசாராருக்கும் பொருந்துவது வெளிச்சத்திலும் தெரியும் திரையே.

இதைத் தொலைக்காட்சியின் நன்மையாக மட்டும் காண்பது முழுமையாகாது. அது வேலையிடம் விடுப்புக் கேட்காத கருவி. கொட்டகைக்குச் சென்ற பெண் இரண்டரை மணிநேரம் வீட்டுவேலையிலிருந்து விலகியிருந்தாள். மண்தரையில் அமர்ந்திருந்தாலும் அந்நேரம் அவளுடையது. கூடத்தில் தொடர் பார்க்கும் பெண் காய் நறுக்கிக்கொண்டே பார்க்கிறாள். 2006ஆம் ஆண்டு வாக்குறுதி இல்லத்தரசிக்குப் பொழுதுபோக்கைத் தந்தது. அதற்குரிய பொழுதைத் தரவில்லை.

நிறைவுரை

படவீழ்த்தி பொது இடத்தின் கருவியாகச் சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. தொலைக்காட்சி பொது அறையில் தொடங்கி, அரசின் துணையோடு வீட்டுக்குள் நிலைபெற்றது. இன்று சிறிய படவீழ்த்திகள் எவ்வுரிமமும் இன்றி வீட்டுக்கு வருகின்றன. ஆயினும் அவற்றை முழுமையாகப் பயன்படுத்தத் தனியறையும், விளக்கணைத்து அமரும் நேரமும் உடைய குடும்பங்களுக்கே இயலும். ஆகவே பெரிய தொலைக்காட்சியா படவீழ்த்தியா என்னும் தேர்வு, ஒரு குடும்பத்தின் வருவாயைக் காட்டுவதோடு, அதன் ஓய்வையும் அவ்வோய்வு ஆண், பெண் இருவரிடையே பங்கிடப்படும் முறையையும் காட்டுகிறது. தமிழ்நாட்டின் காட்சி ஊடக வரலாறு, கருவிகளின் வருகையைப் பதிவுசெய்வதோடு, அவற்றின்முன் கைவேலையின்றி அமர யாருக்கு வாய்த்தது என்பதையும் ஆராயவேண்டும்.