சூளைக்கு ஒரு ஆள், கல்லாவுக்கு ஒரு ஆள்

எங்க விருத்தாசலம் பீங்கான் ஊருங்க. சூளையில சரக்கை அடுக்கி நெருப்பு வெச்சா, வேகவும் ஆறவும் மணிக்கணக்காகும். கல்லாவுல இருக்கறவரே சூளை வாசல்லயும் நின்னா, வர்ற ஆளை யார் கவனிக்கறது? சூளைக்கு ஒரு ஆள், கல்லாவுக்கு ஒரு ஆள். பொட்டி தட்டற நாங்க இதைத்தான் மல்டித்ரெடிங்னு பெருமையா சொல்லிக்கறோம். மேசைக் கணினி இதைக் கத்துக்கிட்ட கதையைப் பார்ப்போம்.

1987-லயே ஓ.எஸ்./2-ல த்ரெட் இருந்தது, ஆனா அது பரவலை. 1992-ல வந்த விண்டோஸ் 3.1-ல ஒவ்வொரு புரோகிராமும் தானா முன்வந்து வழிவிடணும். ஒண்ணு அடம்பிடிச்சா மணல் கடிகாரம்தான், மத்ததும் சேர்ந்து தொங்கும். 1993-ல விண்டோஸ் என்.டி., 1995-ல விண்டோஸ் 95 வந்தப்புறம் நேரத்தைப் பங்கு போடற அதிகாரம் இயங்குதளத்துக்குப் போச்சு. ஒரு புரோகிராமுக்குள்ள பல த்ரெட்டும் ஓட்டலாம்னு ஆச்சு.

அப்பவும் தொங்கறது நிக்கலை. ஏன்னா, ஒரு ஜன்னலை உருவாக்கின த்ரெட்தான் அதோட கிளிக், கீபோர்டு சேதியை எல்லாம் வாங்கணும். அதே த்ரெட்ல டேட்டாபேஸ் தேடலையும் போட்டா ஜன்னல் செத்த மாதிரி நிக்கும். 2001-ல வந்த எக்ஸ்பி 5 விநாடி பார்த்துட்டு 'பதில் இல்லை'ன்னு தலைப்புலயே எழுதிடுச்சு. பயனாளர் மூடிடுவார். பாதி அடிச்ச பில் போயே போச்சு!

அப்போ ஜன்னலுக்கு ஒரு த்ரெட் வெச்சா? பி-ஓ.எஸ். அதைத்தான் செஞ்சது. சுறுசுறுப்புன்னு பேர் வாங்கினாலும் நிரல் எழுதறவங்களுக்குத் தலைவலி. ஜாவா ஸ்விங் நேரெதிர்: திரையைத் தொட ஒரே த்ரெட்தான்.

காரணம் இருக்கு. ஆறாத சூளையைத் திறந்தா சரக்கு விரிசல் விடும். பாதி மாறின டேட்டாவை இன்னொரு த்ரெட் தொட்டாலும் அதே கதி. இதுதான் ரேஸ் கண்டிஷன். 2003 ஆகஸ்ட் 14-ல ஓஹையோ மின் நிறுவனம் ஒண்ணோட அலாரம் மென்பொருள் இதனாலயே சத்தமில்லாம நின்னுபோச்சு. கம்பிகள் மரத்துல உரசி ஒண்ணொண்ணா விழுந்தது ஆபரேட்டர்களுக்கு நேரத்துல தெரியலை. அமெரிக்கா, கனடாவுல சுமார் 5 கோடி பேருக்கு கரண்ட் போச்சு.

அப்புறம் கருவிகளே கைகொடுக்க ஆரம்பிச்சது. 2005-ல டாட்நெட் 2.0 பேக்கிரவுண்ட் ஒர்க்கரைக் கொடுத்தது. 2012-ல சி ஷார்ப் 5-ல அசிங்க், அவெய்ட். 2011-ல வந்த ஆண்ட்ராய்டு 3.0 ஒருபடி மேல: முதன்மை த்ரெட்ல நெட்வொர்க்கைத் தொட்டாலே பிழைன்னு நிறுத்திடும்.

இத்தனை வருஷத்துக்கும் விதி ஒண்ணுதாங்க. ஜன்னல் த்ரெட் வேலையை ஒப்படைக்கணும், முடிஞ்சதும் சேதி வாங்கிக்கணும். உங்க நிரல்ல பெரிய வேலை ஒண்ணுக்குப் பட்டனை அழுத்திட்டு, உடனே ஜன்னலை இழுத்துப் பாருங்க. நகர்ந்தா பொழைச்சீங்க :-)