பிரிட்டன் கேட்ட திருமணச் சான்று

1962 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த காமன்வெல்த் குடிவரவுச் சட்டம், இந்தியா, பாகிஸ்தான், மேற்கிந்தியத் தீவுகள் முதலான இடங்களிலிருந்து பிரிட்டனுக்கு வேலை தேடிச் செல்வோர் அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்றது. ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் ஆணின் மனைவிக்கும் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. நுழைவது அவர்களது உரிமை. எனவே குடிவரவு அதிகாரிகள் கேட்பதற்கு ஒரே கேள்விதான் மிஞ்சியது: வந்து நிற்பவர் மெய்யாகவே அவருடைய மனைவிதானா?

தொடக்கத்தில் இதை விமான நிலையத்திலேயே கேட்டுத் தீர்த்தார்கள். 1969-ல் குடிவரவு மேல்முறையீட்டுச் சட்டத்தின் வழியாக நடைமுறை மாறியது. மனைவியும் பிள்ளைகளும் சொந்த நாட்டிலுள்ள பிரிட்டிஷ் தூதரகத்தில் நுழைவுச் சான்றிதழ் வாங்கிய பிறகே புறப்பட முடியும் என்றானது. விசாரணை லண்டனை விட்டு டாக்கா, இஸ்லாமாபாத், டெல்லி, பம்பாய் அலுவலகங்களுக்குப் போயிற்று. நேர்காணலுக்கே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. சில இடங்களில் ஓராண்டையும் தாண்டியது.

இதில் மிகவும் அவதிப்பட்டவர்கள் வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதிக் குடும்பங்கள். பிரிட்டனில் இருந்த வங்கதேசத்தவரில் பெரும்பாலோர் அந்தப் பகுதியினர். அவர்களின் கிராமங்களில் பிறப்புப் பதிவும் திருமணப் பதிவும் அரிது. ஏடு இல்லாத இடத்தில் அதிகாரி வாய்மொழியை நாடினார். மனைவியை டாக்காவிலும் கணவரை பிரிட்டனிலும் தனித்தனியே விசாரித்தார்கள். கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், வீட்டில் எத்தனை அறைகள், மாமனாருடன் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பன போன்ற கேள்விகளுக்கு இருவரும் சொன்ன விடைகளை ஒப்பிட்டார்கள். விடைகள் பொருந்தாவிட்டால் உறவே பொய் என்று முடிவாயிற்று. விடுமுறைக்கு வந்த சில மாதங்கள் மட்டுமே சேர்ந்து வாழ்ந்து, பல ஆண்டுகள் பிரிந்திருந்த தம்பதியரின் நினைவு முழுதும் ஒத்துப்போகும் என்று எதிர்பார்த்ததே தவறு. ஒத்திகை பார்த்து வந்தவர்களின் விடைகள் ஒத்துப்போகலாம். உண்மை சொல்பவர்களின் விடைகள் இங்குமங்கும் விலகுவது இயல்பு.

ஆவணத்தையும் வாய்மொழியையும் தாண்டி, பெண்ணின் உடலையே சான்றாக்கிய நிகழ்வும் நடந்தது. மணமகனைத் திருமணம் செய்துகொள்ள வரும் பெண், மூன்று மாதங்களுக்குள் மணம் முடிப்பதாக இருந்தால் நுழைவுச் சான்றிதழ் இல்லாமலே உள்ளே வர முடிந்தது. 1979 ஜனவரியில் அப்படி ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கிய 35 வயது இந்தியப் பெண் ஒருவர் ஏற்கெனவே மணமானவராக இருக்கக்கூடும் என்று ஐயுற்ற அதிகாரிகள், அவருக்குக் கன்னித்தன்மைப் பரிசோதனை நடத்தச் செய்தனர். பிப்ரவரி 1 அன்று கார்டியன் நாளிதழ் இதை வெளியிட்டது. கண்டனம் கிளம்பியதும் உள்துறை அமைச்சர் மெர்லின் ரீஸ் இந்தப் பழக்கத்தை நிறுத்த உத்தரவிட்டார். 2011-ல் வெளிவந்த அரசு ஆவணங்கள், 1970-களின் பிற்பகுதியில் இந்தியாவில் குறைந்தது 80 பெண்களாவது இதே சோதனைக்கு உட்படுத்தப்பட்டதைக் காட்டின. மணமான பெண் கன்னியாக இருக்கமாட்டாள், மணமாகாத இந்தியப் பெண் கன்னியாகத்தான் இருப்பாள் என்ற ஊகத்தின் மேல் ஒரு அரசு தன் எல்லைக் காவலை நிறுத்தியிருந்தது. இந்த வரலாற்றில் இதைவிடக் கொடிய பக்கம் இல்லை.

ஆண்களின் நிலை வேறு. பிரிட்டனில் வாழும் பெண்ணை மணந்து அங்கே குடியேற விரும்பும் காமன்வெல்த் ஆண்களுக்கு 1969 ஜனவரியில் அப்போதைய உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் காலகன் தடை கொண்டுவந்தார். 1974-ல் அதே பதவியில் இருந்த ராய் ஜென்கின்ஸ் அதை நீக்கினார். 1977-ல் போலித் திருமணத்தைத் தடுப்பதற்கென்று புதிய விதிகள் வந்தன. 1980 மார்ச்சில், மார்கரெட் தாட்சர் ஆட்சியில், ‘முதன்மை நோக்க விதி’ பிறந்தது. பிரிட்டனுக்குள் நுழைவதே திருமணத்தின் முதன்மை நோக்கமாக இருந்தால் அனுமதி கிடையாது என்றது அது. நோக்கம் அதுவல்ல என்று மெய்ப்பிக்கும் சுமையை 1983 விதிகள் விண்ணப்பிப்பவர் தலையில் ஏற்றின.

இதன்படி திருமணம் மெய்யானது, சட்டப்படி செல்லுபடியாகும், இருவரும் சேர்ந்து வாழவே நினைக்கிறார்கள் என்று அதிகாரியே ஒப்புக்கொண்டாலும் விண்ணப்பத்தை மறுக்கலாம். பெரியோர் பார்த்து முடித்த கல்யாணத்தில் இந்தக் கத்தி ஆழமாக இறங்கியது. திருமணத்துக்கு முன் காதலித்ததற்கு அந்தத் தம்பதியரிடம் என்ன அத்தாட்சி இருக்கும்? பெண் கணவன் வீட்டுக்குப் போவதே உங்கள் வழக்கம், நீங்கள் ஏன் பெண் இருக்கும் நாட்டுக்குப் போகிறீர்கள் என்று மாப்பிள்ளைகளிடம் கேட்டார்கள். அவர்களுடைய மரபையே அவர்களுக்கு எதிரான சாட்சியாக நிறுத்தினார்கள். பிரிட்டனில் பிறந்து வளர்ந்த மனைவி இந்தியாவுக்கு வந்து குடியிருக்க மறுத்தால், அதுவும் கணவரின் நோக்கத்தைப் பற்றிய ஐயமாக மாறியது.

நீதிமன்றங்கள் இந்த விதியை ஓரளவு தளர்த்தின. திருமணத்துக்குப் பின் தம்பதியர் ஒருவர்மீது ஒருவர் காட்டும் பற்று, திருமணத்தின்போது இருந்த நோக்கத்தையும் விளக்கக்கூடும் என்று 1986-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதியது. அதற்குப் பிறகு கடிதங்கள், தொலைபேசிக் கட்டண ரசீதுகள், மனைவி ஊருக்கு வந்துபோன விமானச் சீட்டுகள் எல்லாம் வழக்குக் கட்டில் சேர்ந்தன. அந்தரங்கமாக எழுதிய கடிதத்தை அரசு அதிகாரி படிப்பதற்காகப் பத்திரப்படுத்தும் நிலை அப்போது தொடங்கியது.

1985 மே 28 அன்று ஸ்ட்ராஸ்பர்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், பிரிட்டனில் குடியிருந்த மூன்று பெண்கள் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. ஆண்கள் மனைவியை எளிதாக அழைத்துக்கொள்ளலாம், பெண்கள் கணவரை அப்படி அழைத்துக்கொள்ள முடியாது என்பது பாலினப் பாகுபாடு என்றது. பெண்களுக்கும் அதே வசதியை அளித்து அரசு இதைச் சரிசெய்திருக்கலாம். ஆனால் முதன்மை நோக்கச் சோதனையை மனைவியருக்கும் விரித்துச் சமத்துவத்தை எட்டியது. 1973-க்கு முன் குடியேறிய காமன்வெல்த் ஆண்களின் மனைவியருக்கு எஞ்சியிருந்த தனி உரிமையையும் 1988 சட்டம் நீக்கியது.

மரபியலாளர் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டறிந்த டிஎன்ஏ சோதனை, அதே 1985-ல் கானா நாட்டுத் தொடர்புடைய ஒரு சிறுவனின் குடிவரவு வழக்கில் பயன்பட்டது. பிள்ளை யாருடையது என்று நிறுவ முடிந்ததால், சில்ஹெட் குடும்பங்கள் பலவற்றின் பழைய மறுப்புகள் ஆட்டம் கண்டன. பிள்ளையில்லாத தம்பதியருக்கு இதனால் பயன் ஏதுமில்லை.

ஆட்சி மாறிய கையோடு, 1997 ஜூன் 5 அன்று உள்துறை அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா முதன்மை நோக்க விதியை ரத்து செய்தார். சேர்ந்து வாழும் எண்ணம், நிலைத்திருக்கும் உறவு, அரசு உதவி நாடாமல் வாழும் வசதி ஆகிய நிபந்தனைகள் மட்டும் இருந்தன. பின்னர் வசதி பற்றிய நிபந்தனைதான் வளர்ந்தது. 2012 ஜூலையில், அழைப்பவரின் ஆண்டு வருமானம் குறைந்தது 18,600 பவுண்டு இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். 2024 ஏப்ரல் 11 முதல் அது 29,000 பவுண்டு. நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் கழிக்க வேண்டிய காலம் ஓராண்டிலிருந்து 2003-ல் இரண்டாகவும், 2012-ல் ஐந்தாகவும் நீண்டது. 2015 மார்ச் முதல், ஐயத்துக்குரிய திருமண அறிவிப்புகளை விசாரிப்பதற்காக 28 நாள் காத்திருப்பை 70 நாளாக நீட்டவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. மெய்யான, நிலைத்திருக்கும் உறவா என்ற சோதனை இன்றும் உள்ளது. தம்பதியர் அதற்குப் புகைப்படங்கள், பணம் அனுப்பிய ரசீதுகள், வாட்ஸ்அப் உரையாடல்கள் ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கி விண்ணப்பத்துடன் இணைக்கிறார்கள்.