எச்.எம்.டி. கைக்கடிகாரச் சேகரிப்பு

பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் தயாரித்த, சாவி கொடுத்து ஓட்டும் பழைய கைக்கடிகாரங்களைத் தேடி வாங்கிப் பேணும் பொழுதுபோக்கு. ஜப்பானின் சிட்டிசன் நிறுவன ஒத்துழைப்புடன் பெங்களூரில் 1961-இல் உற்பத்தி தொடங்கியது. ஜனதா, பைலட், சோனா, காஞ்சன் ஆகியவை பெயர்பெற்ற மாதிரிகள். மாப்பிள்ளைக்குச் சீராகவும் பணி ஓய்வுப் பரிசாகவும் வீடுகளுக்குள் வந்தவை இவை.

டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் 1984-இல் நிறுவிய டைட்டன், ஓசூரிலிருந்து மின்கலத்தில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரங்களை இறக்கியதும் சாவிக் கடிகாரச் சந்தை சரிந்தது. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. அதற்கு முன்பே, 2014-இல் மூடல் செய்தி பரவியபோது, அதுவரை சீந்துவாரற்றுக் கிடந்த அதன் கடிகாரங்களுக்குப் போட்டி மூண்டது.

உலகச் சேகரிப்பாளர்கள் துரத்துவது, நிறுத்துக்கடிகாரம் இணைந்த குரோனோகிராஃப் வகையை. சீகோவும் ஜெனித்தும் அதன் தானியங்கி வடிவத்தை 1969-இல் அறிமுகப்படுத்தின. இந்தியருக்கோ அன்று, சரியாக மணி காட்டினாலே போதும். அந்த எளிமைதான் ஜனதாவின் அழகு.

வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது டயல். பழைய டயலில் புதுச்சாயம் பூசி, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் எழுத்தை அச்சிட்டு விற்பது இந்தியச் சந்தையில் சாதாரணம். எழுத்தின் விளிம்பு பிசிறியிருந்தால் ஐயப்படலாம்; மங்கிய அசல் டயலுக்கே மதிப்பு அதிகம்.